பொம்மை வார்டில் நான் நோயாளியாக இருந்த கதை

மலர் அச்சிடும் பொறுப்பிலுள்ள மிஸ் அறிய,

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், மன்னிக்கவேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. ஞாபகமும் முன்போல இல்லை. இதை எழுதுகிற கொப்பியையே அரிசி வாளிக்குள் வைத்துவிட்டு மூன்று நாள் தேடினேன். புதிதாக வந்திருக்கும் பேசுகிற பொம்மையைக் காட்டுவதற்காக நீங்கள் என்னைக் கூப்பிட்டபோது, "பாக்கியம்மா, இதுக்கு முந்தி நீங்கதானே படுத்திருந்தீங்க, அதை எழுதித் தாங்க" என்று கேட்டீர்கள். முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது துப்புரவுக்கு. தாதிப் பட்டப்படிப்புப் பிள்ளைகள் பழகுவதற்கு ஒரு அறை உண்டு. ஆறு கட்டில், ஆறு பொம்மை, ஒரு அலுமாரி நிறைய ஊசி, பஞ்சு, பேசின். நாங்கள் அதைப் பொம்மை வார்டு என்போம். காலையில் கூட்டித் துடைத்து, பொம்மைகளின் முகத்தைத் துடைத்து, பல்லேகல பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போவேன். பொம்மைகளோடு வேலை செய்வது எனக்குப் பிடித்திருந்தது. அவை நம்மைப் பார்ப்பதில்லை.

நான் அவ்வளவு கூச்சக்காரி. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் கொண்டக்டரிடம் நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. வேறு யாராவது இறங்கினால் அவர்களோடு இறங்குவேன். ஒருவரும் இறங்காவிட்டால் அடுத்த தரிப்பிடம் வரைக்கும் போய்த் திரும்பி நடந்து வருவேன். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று வீட்டுக்காரர் கேட்டால் பஸ் லேட் என்பேன். பஸ் பாவம், அது நேரத்துக்குத்தான் வந்திருக்கும்.

பொம்மை வார்டுக்குப் பொறுப்பு நவமணி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரி. மெலிந்த உருவம், இஸ்திரி மடிப்புக் கலையாத சேலை. சத்தம் போட்டுப் பேசியதை நான் கேட்டதே இல்லை. பிள்ளைகள் ஏதாவது பிழை செய்தால் மெதுவாக "ஓம்" என்பார். சின்னப் பிழைக்கு ஓரளவு கேட்கிற ஓம். பெரிய பிழைக்குக் காற்றுப் போல ஒரு ஓம். காதில் விழாத ஓம் வந்தால் அந்தப் பிள்ளை அன்றைக்குச் சாப்பிடாது. கட்டில் விரிப்பின் மூலை மடிப்பைச் சுட்டுவிரலால் தடவிப் பார்ப்பார். ஒரு சுருக்கம் தட்டுப்பட்டால் முழு விரிப்பையும் உருவித் தரையில் போட்டுவிட்டு, "ஓம், திருப்பி விரியுங்கோ" என்பார். அந்த விரிப்பைக் கழுவுகிறவள் நான்.

ஒரு பரீட்சை நாளில், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது ஒரு பிள்ளை பொம்மையின் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். கை தனியாக அவளோடு வந்துவிட்டது. வெளியே இன்னும் இருபது பேர் காத்திருக்கிறார்கள். மிஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவு மூலையில் நான் நின்றேன்.

"பாக்கியம், தும்புத்தடிய வைச்சிட்டு வந்து கட்டில்ல படும்."

"எந்தக் கட்டில்ல மிஸ்?"

"நோயாளின்ர கட்டில்ல. பொம்மைக்குக் கை கழண்டு போச்சு. உமக்கு ரெண்டும் இருக்குதுதானே?"

இருந்தது. படுத்தேன்.

முதல் நாள் நான் நல்ல நோயாளி இல்லை. ஒரு பிள்ளை கை தவறிப் பேசின் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டாள். நான் கட்டிலை விட்டு இறங்கித் துணி எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

"நோயாளி எழும்பி நிலம் துடைக்கிறேல்ல, பாக்கியம்."

"தண்ணி ஓடுது மிஸ்."

"ஓடட்டும். உமக்குக் காய்ச்சல்."

அதற்குப் பிறகு பொம்மையின் கை திரும்பப் பூட்டப்பட்டாலும் மிஸ் என்னை விடவில்லை. வாயில்லாத பொம்மையோடு பழகிய பிள்ளைகளுக்கு உண்மையான வார்டில் வாய் திறக்கத் தெரியவில்லை என்பது மிஸ்ஸின் கவலை. அதனால் எனக்கு ஒரு துண்டு எழுதித் தருவார். அதில் பெரிய எழுத்தில் தமிழில் நோயாளியின் பெயர், வயது, என்ன வருத்தம், எத்தனை நாள் என்று இருக்கும். முதல் துண்டு, நெஞ்சு வலி, மூன்று நாள். ஒரு சிங்களப் பிள்ளை வந்து, தமிழை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, "அம்மா, எங்க ரிதெனவா?" என்று பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக எங்கே வலி என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. முன்பின் தெரியாத பிள்ளையிடம் எப்படி முறையிடுவது?

"ஒண்ணுமில்ல புள்ள, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

மிஸ் கிட்ட வந்தார். "பாக்கியம், உமக்கு நெஞ்சு நோகுது."

"நோகல்லியே மிஸ்."

"துண்டில நோகுது எண்டு கிடக்கு."

அந்தத் துண்டுகள்தான் எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தன என்று சொல்லவேண்டும். முதலில் முனகினேன். பிறகு "ஆ" என்றேன். ஒரு வருடத்துக்குள் "ஐயோ மிஸ்ஸி, தாங்க முடியல, தண்ணி தாங்க" என்று பக்கத்து விரிவுரை அறைக்குக் கேட்கும்படி கத்தக் கூடியவளாகிவிட்டேன். என் சத்தம் இல்லை, துண்டில் உள்ளவளின் சத்தம் என்பதால் கூச்சம் வரவில்லை. அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் பஸ்ஸிலும், "நிப்பாட்டுங்க, எறங்கணும்!" என்று கத்திவிட்டேன். சாரதி பயந்துபோய் நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார். நெஞ்சு வலிக்காரியின் சத்தத்திலேயே கத்தியிருக்கிறேன் போல.

இனி கால்விரல் விஷயத்தைச் சொல்லவேண்டும். அது பிழைதான். இவ்வளவு வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

நோயாளியைக் கட்டிலிலேயே குளிப்பாட்ட ஒரு ஒழுங்கு இருக்கிறது. சன்னலைச் சாத்தவேண்டும். தண்ணீர்ச் சூட்டை மணிக்கட்டின் உள்பக்கத்தில் பார்க்கவேண்டும். முதலில் கண், சவர்க்காரம் இல்லாமல், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே துடைப்பு. ஒரு கண்ணுக்குத் துணியின் ஒரு மூலை, மற்றக் கண்ணுக்கு மற்ற மூலை. கை என்றால் மணிக்கட்டிலிருந்து மேலே. கழுவுகிற இடத்தை மட்டும் திறந்து, மற்றதெல்லாம் மூடி. என்னிடம் முகம், கை, கால் மட்டும் பழகுவார்கள், மீதியெல்லாம் பொம்மைக்கு. கடைசியில் கால்விரல் இடுக்கு. நேரம் நெருக்குகிற பரீட்சையில் முக்கால்வாசிப் பேர் அதை மறந்துவிடுவார்கள். ஒருத்தி மறந்துவிட்டுத் துணியைப் பிழியப் போனபோது, பாவமாக இருந்ததால், பெருவிரலை லேசாக ஆட்டினேன். அவள் பார்த்துவிட்டாள், திரும்பி வந்து கழுவினாள், பாஸ் பண்ணினாள்.

அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. பாக்கியம்மாவின் விரல் ஆடினால் எதையோ மறந்துவிட்டோம் என்று அர்த்தம். ஒவ்வாமை கேட்க மறந்தால் ஆடும். கை கழுவ மறந்தால் ஆடும். பரீட்சைக்கு வருகிற பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு "எப்படி இருக்கீங்க அம்மா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நவமணி மிஸ்ஸுக்கு இது தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்த இன்னொன்று என் பிரஷர். நூற்று இருபதுக்கு எண்பது. வருடாவருடம் மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். "பாக்கியம் அம்மே நூத்தி இருபது எண்பது." என் வீட்டு விலாசத்தைவிட அந்த எண்தான் அதிகம் பேருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த எண் பிறகு மாறிவிட்டது. அது எனக்கும் கிளினிக் டொக்டருக்கும் மட்டும் தெரியும். தலை சுற்றுகிறது என்று போன இடத்தில் பிரஷர் கூட என்று சொல்லி மாத்திரை தந்தார்கள். அதில் ஒன்று, சிறுநீர் நிறையப் போகிற மாத்திரை. போட்டால் அரை மணிக்கொரு தரம் எழும்பவேண்டும். நோயாளி எழும்பக்கூடாதே! அதனால் பரீட்சை வாரங்களில் மாத்திரைகளை விட்டுவிடுவேன். மிஸ்ஸிடமும் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தம் உள்ளவளை நோயாளியாக வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன். நோயாளி வேலை போய்விடக்கூடாது என்பதற்காக நோயை மறைத்த மனுஷி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் தர்ஷினி வந்தாள். மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. எழுத்துப் பரீட்சையில் முதல் ஆட்களில் ஒருத்தி. ஆனால் நோயாளிக்கு முன்னால் நின்றால் சத்தம் போய்விடும். "நான் தர்ஷினி, தாதி மாணவி" என்று அவள் சொல்வதைக் கேட்க, மற்றவர்கள் மூச்சை நிறுத்தவேண்டும். உண்மையான வார்டில் ஒரு நாள் ஊசிக்கு முன் பெயர் கேட்கப் போய், கட்டில் பக்கத்தில் அப்படியே நின்றதில், நோயாளி தூங்கியே போய்விட்டாராம்.

கட்டில் பக்கப் பரீட்சையில் இரண்டு தரம் பெயில். மூன்றாவதிலும் போனால் பட்டப்படிப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மதிய இடைவேளையில் பொம்மை வார்டுக்கு வந்து என் கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்காருவாள்.

"அப்பா லயத்து வீடுகள்ல எல்லார்கிட்டயும் நான் நேர்ஸாயிட்டேன்னு சொல்லிட்டாரு பாக்கியம்மா. லீவுல போனா வாசல்ல வரிசையா நிக்கிறாங்க. ஒருத்தர் பல்லக் காட்டுறாரு, ஒருத்தர் ஆட்டுக்குட்டியக் கொண்டு வாறாரு."

"ஆட்டுக்கு என்னா?"

"அதுவும் பேசல, நானும் பேசல. அதனால நல்லாப் போச்சு."

பழகுவோம் என்பாள். "நீங்க முதல்ல பேசுங்க." "இல்ல புள்ள, நீ கேட்டாத்தானே நான் பேசணும்." "நீங்க முனகுங்க, நான் கேக்குறேன்." இப்படியே இடைவேளை முடிந்துவிடும். பிரஷர் பார்த்துப் பழகவா என்று ஒரு நாள் பட்டியை எடுத்தபோது, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். "அது எதுக்கு, தெரிஞ்சதுதானே. நூத்தி இருபது எண்பது. அத எழுது, போதும்."

பரீட்சை நாளும் வந்தது. அந்த வாரம் முழுக்க மாத்திரை போடவில்லை. விடிந்ததிலிருந்து பின்மண்டையில் ஒரு பாரம். பரீட்சைக்கு முன்பு நோயாளியின் பிரஷரைப் பார்த்துப் புள்ளித் தாளில் எழுதிவைப்பது முறை. சின்ன மிஸ் ஒருவர் பட்டியோடு வந்தார்.

"இப்பத்தான் நவமணி மிஸ் பாத்தாங்க" என்றேன். "நூத்தி இருபது எண்பது."

பொய் சொன்னேன். சின்ன மிஸ் எழுதிக்கொண்டு போனார். துண்டில் என் பெயர் சரஸ்வதி, வயது அறுபது, நெஞ்சு வலி மூன்று நாள். மணிக்கட்டில் அந்தப் பெயர் எழுதிய சின்னப் பட்டி கட்டினார்கள். படுத்தேன். நவமணி மிஸ் கால்மாட்டில் கதிரையில் உட்கார்ந்தார்.

தர்ஷினிக்கு முன் பதினொரு பேர். பதினொரு பேரும் நூற்று இருபதுக்கு எண்பது. ஒருத்தி காற்று இறங்கி முடியுமுன்பே எழுதிவிட்டாள். பட்டி என் கையை நெரிக்கும்போது எனக்கே தெரிந்தது, அது வழக்கமான நெரிப்பு இல்லை. எனக்கென்ன, எல்லாப் பிள்ளைகளும் பாஸ் என்று பேசாமல் கிடந்தேன்.

மணி அடித்ததும் தர்ஷினி வந்தாள். உதடு வெளுத்திருந்தது. கையைக் கழுவினாள். "நான் தர்ஷினி" என்றாள். எனக்குக் கேட்டது, மிஸ்ஸுக்குக் கேட்டிருக்காது. நான் விரலை ஆட்டினேன். கொஞ்சம் சத்தமாகத் திரும்பச் சொன்னாள். கைப்பட்டியைப் பார்த்துப் பெயர் கேட்டாள். சரஸ்வதி என்றேன். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே பட்டியைச் சுற்றினாள். நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றடித்தாள். நாடி நின்ற பிறகு இன்னும் கொஞ்சம் அடித்து, குழாயைக் காதில் வைத்து மெதுவாக இறக்கினாள்.

அவள் முகம் மாறியது. எழுதவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. ஐயோ புள்ள, தெரிஞ்சதுதானே, எழுது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பெருவிரலை ஆட்டினேன். அவள் காலைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். ஒரு நிமிடம் என் கையை ஆறவிட்டு, திரும்பவும் பட்டியைச் சுற்றி முதலிலிருந்து பார்த்தாள். திரும்பவும் எழுதவில்லை. நான் இரண்டு காலின் விரல்களையும் ஆட்டினேன். விரிப்பே ஆடியது.

தர்ஷினி எட்டி, விரிப்போடு சேர்த்து என் இரண்டு பாதங்களையும் ஒரு கையால் அமுக்கிப் பிடித்தாள்.

"ஆட்டாதீங்க!" என்றாள். அது எங்கிருந்து வந்த சத்தமோ தெரியாது. பக்கத்துக் கட்டிலில் பொம்மையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பிள்ளை பேசினைக் கீழே போட்டாள். "மிஸ், இந்த அம்மாவுக்குப் பிரஷர் நூத்தித் தொண்ணூறு, நூத்திப் பத்து. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

மிஸ் புள்ளித் தாளைப் பார்த்தார். "பதினொரு பேர் வேற சொன்னவை, தர்ஷினி. நீர் நிச்சயமாத்தான் சொல்லுறீரோ?"

அவள் என் காலை விடவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சரி என்று பின்வாங்கினால் பாஸ், நின்றால் பெயில் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"அவங்களுக்கு என்ன கேட்டிச்சுன்னு எனக்குத் தெரியாது மிஸ். எனக்குக் கேட்டத நான் சொல்றேன். நீங்களும் வந்து கேளுங்க. அதுவரைக்கும் இவங்கள எழும்ப விடாதீங்க. இவங்க எழும்பித் தரையத் துடைப்பாங்க."

உண்மைதான். பேசின் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நான் பாதி எழும்பியிருந்தேன்.

இரண்டு பேர் ஒன்றாகக் கேட்கக்கூடிய குழாய் ஒன்று அலுமாரியில் இருந்தது. மிஸ் அதை எடுத்துவரச் செய்து, ஒரு காதுப் பக்கத்தை அவளுக்குக் கொடுத்து, மற்றதைத் தான் போட்டுக்கொண்டார். காற்று இறங்க இறங்க நான் மிஸ்ஸின் வாயையே பார்த்தேன், என்ன அளவு ஓம் வரப்போகிறது என்று. ஓம் வரவில்லை.

"ஐயோ பாக்கியம்" என்றார்.

பரீட்சையை நிறுத்தி, என்னைச் சக்கரக் கதிரையில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மிஸ் முன்னால், தர்ஷினி பின்னால். வார்டில் ஒரு நேர்ஸ் வந்து, கையிலிருந்த பெயர்ப் பட்டியைப் பார்த்து, என்ன செய்கிறது என்று கேட்டார். இத்தனை வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சரஸ்வதி, வயசு அறுபது. மூணு நாளா நெஞ்சு வலி மிஸ்ஸி. இடது கைக்கும் போகுது. தாங்க முடியல, தண்ணி தாங்க!"

அப்படியே என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, ஒருவர் ஒட்சிசன் கொண்டுவர, ஒருவர் நெஞ்சில் வயர் ஒட்ட, டொக்டர் ஓடி வந்தார். நான் நிறுத்தாமல் முனகினேன். மிஸ் அந்தப் பக்கம் அனுமதித் துண்டு எழுதுகிற மேசையில் நின்றார்.

"அது பொய்!" வார்டு முழுக்கக் கேட்கும்படி தர்ஷினி கத்தினாள். "அது பரீட்சைத் துண்டுல உள்ளது! இவங்க பேரு பாக்கியம்! நெஞ்சு வலி இல்ல, பிரஷர் மட்டுந்தான்! பாக்கியம்மா, வாய மூடுங்க!"

முப்பது கட்டிலும் திரும்பிப் பார்த்தது. மிஸ் மேசையிலிருந்து வந்து, மெதுவாக, "தர்ஷினி, சத்தம் காணும், மெதுவாய்க் கதையும்" என்றார். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளையிடம் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தார் என்று தர்ஷினி சொன்னாள். எனக்குத் தெரியவில்லை, என் மூக்கில் குழாய் இருந்தது.

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மிஸ் பார்க்க வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"ஏன் பாக்கியம் எனக்குச் சொல்லேல்ல?"

"உண்மையா வருத்தம்னா நோயாளி வேலையில இருந்து நிப்பாட்டிருவீங்கன்னு மிஸ்."

மிஸ் என் கட்டில் விரிப்பின் மூலையைச் சுட்டுவிரலால் தடவினார். பிறகு "ஓம்" என்றார். அவர் உதடு அசைந்ததால்தான் அது ஓம் என்று எனக்குத் தெரியும். அதைவிட அவர் ஏசியிருக்கலாம். அந்தப் பிள்ளை மட்டும் பயந்து நூற்று இருபது என்று எழுதியிருந்தால், அவள் என் பொய்யால் பாஸாகி மடுல்கெல்லவுக்குப் போயிருப்பாள். நான் எங்கே போயிருப்பேன் என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து நன்றாக யோசித்தேன்.

தர்ஷினி பாஸ். பதினொரு பேரும் திரும்பச் செய்யவேண்டும் என்று உத்தரவு. என்மேல் கோபமாக இருந்தாலும் பதினொரு பேரும் பழப்பையோடு வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக என் பிரஷரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு எண் சொன்னார்கள். கேட்டுத்தான் சொன்னார்கள் என்பதற்கு அதுவே அடையாளம் என்றார் மிஸ்.

என்னை நிறுத்தவில்லை. மிஸ் புதிய துண்டு ஒன்று எழுதித் தந்தார். "பெயர் பாக்கியம். பிரஷர் உள்ளவர். மாத்திரையைத் தன் இஷ்டத்துக்கு விட்டவர். கேட்டால் முதலில் மறைப்பார்." அதன் பிறகு ஓய்வுபெறும் வரைக்கும் அந்தத் துண்டுதான். எழும்பவேண்டி வந்தால் எழும்பலாம் என்றும், பிள்ளைகள் நோயாளியைக் கழிவறைக்குக் கூட்டிப்போகவும் பழகவேண்டும்தானே என்றும் சொன்னார். துண்டின் கடைசி வரியில் மட்டும் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தது: "கால்விரல் அசையாது." அப்படியென்றால் இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நீங்கள் காட்டிய பேசுகிற பொம்மை நல்ல பொம்மை. இருமுகிறது, வியர்க்கிறது, நாடி அடிக்கிறது, மூன்று மொழியில் முறையிடுகிறது. பொய் சொல்லுமா என்று கேட்க நினைத்தேன், கூச்சமாக இருந்ததால் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். சொல்லாது என்றால் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் குறையும்.

மிஸ், அச்சுக்குப் போகுமுன் யாராவது இதைச் சரிபார்த்தால் நல்லது. தர்ஷினிக்கு முன்னால் வந்தது பதினொரு பேரா பத்துப் பேரா, அன்றைக்கு என் பிரஷர் நூற்றுத் தொண்ணூறா அதற்கும் கூடவா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. தர்ஷினி எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக் கிளினிக்கில்தான் இருக்கிறாள். வாசல் வரைக்கும் அவள் சத்தம் கேட்கும், தேடவேண்டியதில்லை. அவளிடம் கேளுங்கள். அவள் ஒன்று சொல்லி நான் வேறொன்று சொன்னால், அவள் சொன்னதையே போடுங்கள்.